கைக்குட்டை போட்டு வைத்த இடம்

கேள்வி: நான் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன், வயது 26. ஏற்காட்டில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே காப்பித் தோட்டமொன்றில் கணக்கராக இருக்கும் ஒருவர், சேலம் பேருந்து நிலையத்திலேயே ஏறி, பெண்கள் இருக்கையில் கைக்குட்டை போட்டு, எட்டு மாதங்களாக எனக்கு இடம் பிடித்து வைக்கிறார். தம் தந்தையின் அறுவை சிகிச்சையைப் பற்றி என்னிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். ஆனால் அவர் தெருக்காரர் யாராவது வண்டியில் இருந்தால் என்னைத் தெரியாதவர்போல் இருந்துவிடுகிறார். மூன்று இரவுகள் விடாமல் வாட்ஸ்அப்பில் பேசுவார். பிறகு நான்கு நாள் பதிலே வராது. கார்த்திகையிலிருந்து பேச்சும் குறைந்துவிட்டது. தை மாதத்தில் ஒருநாள், "வீட்டில் பெண் பார்க்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். "நல்ல விஷயம்தானே" என்று சிரித்துவிட்டேன். அவரை நினைத்து, வீட்டில் காரணம் சொல்லாமலே இரண்டு வரன்களைத் தட்டிக்கழித்திருக்கிறேன். அவர் மனத்தில் என்ன இருக்கிறது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: அவர் மனத்தில் இருப்பதை உங்கள் கடிதத்தை வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது, ஆனால் நீங்கள் எழுதியவற்றில் எதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று சொல்ல முடியும். எட்டு மாதங்களாக நாள் தவறாமல் ஒருவர் இடம் பிடித்து வைப்பதை நான் அக்கறையின் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்த அக்கறை திருமணம் வரை வருமா என்பதைக் கைக்குட்டை சொல்லாது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்கள் காப்பிப் பழம் பறிக்கும் காலம். பறிப்புக் கூலியும் எடைக் கணக்கும் குவியும் அந்த நாட்களின் மௌனத்தை விலகலாக எண்ணிக் கலங்க வேண்டாம். தெருக்காரர் முன் முகம் திருப்புவது உங்கள் பெயருக்குக் களங்கம் வரக் கூடாது என்ற எச்சரிக்கையாக இருக்கலாம், அவர் வீட்டாரிடம் கொண்ட அச்சமாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு அடுத்த நாளாவது ஒரு வார்த்தை விளக்கம் சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. இத்தனை மாதங்களில் ஒருமுறைகூடச் சொல்லவில்லையென்றால், அது எனக்கு உறுத்துகிறது.

என் மனம் அதிகம் நின்றது அந்தத் தை மாதப் பேச்சில்தான். பெண் பார்க்கும் செய்தியைச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தவர், உங்களிடமிருந்து எதையோ எதிர்பார்த்திருக்கக் கூடும்; நீங்களோ உள்ளே துடித்துக்கொண்டு வெளியே சிரித்துவிட்டீர்கள். அந்தச் சிரிப்புக்குள் இருந்த வலி அவருக்குப் புரிந்திருக்கும் என்று நம்பியிருப்பீர்கள். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜாக்கி வோரவரும் அவருடைய குழுவினரும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது: மறுப்புக்கு அஞ்சுகிறவர்கள், தாங்கள் காட்டிய சிறு குறிப்பே எதிரில் இருப்பவருக்குத் தங்கள் விருப்பத்தை நன்றாக உணர்த்திவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள், உண்மையில் அது அவ்வளவாகப் போய்ச் சேர்வதில்லை. இவரும் இன்று உங்களைப் பற்றி இதே கேள்வியுடன் தவித்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே இனியும் குறிப்புப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரில் பேசுங்கள். பேருந்திலோ வாட்ஸ்அப்பிலோ வேண்டாம். மாலையில் ஏரிப் பக்கம் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் பத்து நிமிடம் போதும். "அன்று நான் சிரித்தது மனமறிந்து சிரித்ததில்லை. எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. உங்களுக்கு விருப்பம் இல்லையென்றாலும் தயங்காமல் சொல்லிவிடுங்கள்" என்று சொல்லுங்கள். விருப்பம் என்றால், வீட்டில் எப்போது பேசுவார் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சாதியோ வசதியோ தடையாக இருந்தால் அதுவும் அன்றே வெளிவரட்டும். அவகாசம் கேட்டால் ஒரு மாதம் கொடுங்கள். அதற்குப் பிறகும் "பார்க்கலாம்" என்றே இழுத்தால் அதை மறுப்பாகவே கொள்ளுங்கள். அவருடைய பதில் தெரியும்வரை மூன்றாவது வரனுக்கு உங்கள் வீட்டார் நாள் குறிக்காமல் இருக்க, உங்கள் தாயாரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது.

அவர் மறுத்துவிட்டால், இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அவர் பிடித்துக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து போவது உங்களுக்கு மிகவும் கடினமாக இருக்கும். சில வாரங்கள் மட்டும், வழக்கமான வண்டிக்கு முன்னதாகப் புறப்படும் வண்டியில் சென்றுவாருங்கள்.