நாவல் படித்தால் மட்டும் போதுமா? பிரெஞ்சு இலக்கியப் பட்டப்படிப்பு: கேள்வி பதில்

பாரிஸில் லெத்ர் மொதெர்ன் (நவீன இலக்கியம்) பிரிவில் லிசான்ஸும் (மூன்று வருட இளங்கலை) மாஸ்டரும் (முதுகலை) முடித்தவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில்.

கேள்வி: தம்பி, என் மகள் பக் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு இதைத்தான் எடுப்பேன் என்கிறாள். மூன்று வருடமும் கதைப் புத்தகம்தானா?

பதில்: இல்லை அக்கா. 6 செமஸ்டர், 180 கிரெடிட். நாவல் அதில் ஒரு பங்குதான். மொழியியல், ஒப்பிலக்கியம், இடைக்கால பிரெஞ்சு எல்லாம் உண்டு. பல இடங்களில் லத்தீனும் வரும். வாசிப்பதைவிட எழுதத்தான் அதிகம் பழக்குவார்கள்.

கேள்வி: அண்ணா, கொமான்தேர் (கொடுத்த பகுதிக்கு விளக்கக் கட்டுரை) எழுதினால் 20க்கு 7, 8 தான் வருகிறது. கதைச் சுருக்கம், ஆசிரியர் வாழ்க்கை எல்லாம் சரியாகத்தானே எழுதுகிறேன்?

பதில்: மார்க் குறைவதே அதனால்தான். கதையைத் திருப்பிச் சொன்னால் 'பராஃப்ராஸ்' (உள்ளதையே வேறு சொல்லில் சொல்வது) என்று ஓரத்தில் எழுதிவிடுவார்கள். கொடுத்த பகுதி எப்படி வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். 'மதாம் பொவாரி' நாவல் மீதான வழக்கையே பாருங்கள். 1857இல் அதை எழுதிய ஃப்ளோபேர் மீது ஒழுக்கக்கேடு என்று வழக்கு. கள்ளக்காதலில் நாயகி எம்மா பூரித்துப்போகும் பகுதியைக் காட்டி, ஆசிரியர் அதைப் புகழ்கிறார் என்று வாதிட்டார் அரசு வழக்கறிஞர் பினார். ஆனால் அது எம்மாவின் நினைப்பு. 'என்று நினைத்தாள்' என்று போடாமல், அம்பார்ஃபே என்ற இறந்தகால வடிவத்தில் அவள் எண்ணத்தைக் கதைசொல்லியின் குரலோடு கலந்துவிடுகிறார் ஃப்ளோபேர். இங்கே பேசுவது யார், எந்த வினைவடிவம் அதைக் காட்டிக்கொடுக்கிறது என்று நீங்கள் எழுதினால் மார்க் ஏறும். ஃப்ளோபேர் விடுதலையானார். (அதே ஆண்டில் கவிஞர் பொத்லேர் மீது வழக்காடியதும் இதே பினார்தான். அங்கே ஆறு கவிதைகளுக்குத் தடை வாங்கிவிட்டார்!)

கேள்வி: அலெக்ஸாந்திரன் என்ற பிரெஞ்சுச் செய்யுள் வகையில் வரிக்கு 12 அசை என்கிறார்கள். எனக்கு 11, 13 என்றே வருகிறது.

பதில்: சொல்லின் கடைசியில் வரும் 'e' எழுத்தைக் கவனியுங்கள். பேச்சில் ஒலிக்காது, செய்யுளில் அடுத்து மெய்யொலி வந்தால் எண்ண வேண்டும், உயிரொலி வந்தால் விட்டுவிட வேண்டும், வரியின் கடைசியிலும் எண்ணக்கூடாது. நம் குற்றியலுகரமும் உயிர் வந்தால் போய்விடுகிறதே, அதுபோலத்தான். அப்புறமும் 11 வந்தால், அடுத்தடுத்த இரண்டு உயிரொலிகளைப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: இந்தியாவில் பி.ஏ. பிரெஞ்சு முடித்தேன். பிரெஞ்சு மொழித்திறனுக்கான பி2 நிலைச் சான்றிதழ் போதுமா?

பதில்: பல துறைகள் பி2 கேட்கும், இடமும் கிடைக்கலாம். ஆனால் நான்கு மணி நேரம் உட்கார்ந்து கட்டுரை எழுத பி2 காணாது. அதற்கு அடுத்த நிலையான சி1 வரை படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: வேலை?

பதில்: பெரும்பாலும் ஆசிரியர் வேலைதான். அரசுப் பள்ளிக்கு காப்பெஸ் என்ற போட்டித் தேர்வு, அதற்கும் மேலே அக்ரெகாசியோன் என்ற தேர்வு. பின்னதில் பிரெஞ்சு இலக்கியக் கட்டுரைத் தாள் ஒன்றுக்கே 7 மணி நேரம், சாப்பாடு கட்டிக்கொண்டுதான் போவார்கள். ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: இந்தத் தேர்வுகளுக்குப் பிரெஞ்சு அல்லது ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டோடு என்றால் ஒப்பந்த ஆசிரியராகத்தான் சேர முடியும்.