கிராம சுகாதாரக் குழுவில் யார் குரல் கேட்கிறது? கேள்வி பதில்

(தேசிய சுகாதார இயக்கத்தின்கீழ் அமையும் கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு பற்றி.)

வார்டு உறுப்பினர்: ஆதிதிராவிடர் தெருக்காரர் ஒருவரைக் குழுவில் போட்டிருக்கிறோம் சார். கூட்டத்துக்கு வருவதே இல்லை. ஆர்வம் இல்லை என்று விட்டுவிடலாமா?

பதில்: கூட்டம் எத்தனை மணிக்கு, எங்கே? பகல் 11 மணிக்கு என்றால் களையெடுப்புக்குப் போகிறவர் அன்றைய கூலியை இழந்துதான் வர வேண்டும். மாலை 6 மணிக்கு மேல் வையுங்கள். கோயில் மண்டபம் வேண்டாம். ஒரு மாதம் ஊராட்சி அலுவலகம், மறு மாதம் அவர்கள் தெரு. தனியாள் பேசத் தயங்குவார், இரண்டு பேராவது இருக்கட்டும். குறைந்தது 15 உறுப்பினர், அதில் பாதிப்பேர் பெண்கள், ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் இடம் என்பதுதான் வழிகாட்டி விதி.

கிராம சுகாதார செவிலியர்: இருளர் குடியிருப்பில் எதைக் கேட்டாலும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள்.

பதில்: நாளைக்கும் ஊசி போட வரப்போவது நீங்கள்தான். உங்களிடமே குறை சொல்வார்களா, சிஸ்டர்? வேறொருவர் கேட்கட்டும், நீங்கள் அங்கே இருக்க வேண்டாம். தூரம், பஸ் செலவு, மருந்து இல்லை, திட்டுகிறார்கள் என்று படம் ஒட்டிய டப்பாக்களை மறைப்புக்குப் பின்னால் வையுங்கள். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. எது பெரிய தொல்லையோ அதில் அதிகம் போடட்டும். வெளிப்படையாகப் போட்டால் எல்லாரும் பெரியவர் போட்ட டப்பாவிலேயே போடுவார்கள். பெண்களுக்குத் தனிச் சுற்று. படம் ஒட்டாத டப்பா ஒன்றும் கட்டாயம்: நாம் யோசிக்காத குறை அதில்தான் விழும். அதில் விழுந்தால் என்னவென்று பொதுவாகப் பேச விடுங்கள், போட்டது யாரென்று தேடாதீர்கள்.

சுய உதவிக் குழுத் தலைவி: காது கேளாத பெண்ணுக்கு அவர் மாமியாரே சைகையில் சொன்னால் போதாதா?

பதில்: போதாது. மாமியார் பற்றிய குறை வெளியே வராது. சைகைமொழி பெயர்ப்பாளரை அழையுங்கள்.

ஊராட்சிச் செயலர்: குழுவின் ஆண்டு நிதி 10,000 ரூபாய் பிளீச்சிங் பவுடருக்கே போய்விடுகிறது.

பதில்: ஊராட்சியிலோ வேறு துறையிலோ பணம் இருக்கும் வேலைக்கு இதைத் தொடாமலிருப்பதே முறை. மிக ஏழைக் குடும்பம் சிகிச்சைக்குப் போய்ச்சேர, விதிவிலக்காகச் செலவிடலாம். ஆனால் முடிவு கூட்டத்தில் எடுக்க வேண்டும். வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவது கூட்டம் ஆகாது.

அங்கன்வாடிப் பணியாளர்: "சொல்லிச் சொல்லி என்ன ஆச்சு?" என்று இப்போது வர மறுக்கிறார்கள்.

பதில்: நியாயமான கோபம். அடுத்த கூட்டத்தின் முதல் வேலையே பதில் சொல்வதாக இருக்கட்டும்: கேட்டது, நடந்தது, நடக்காததற்குக் காரணம் மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் கைமீறியதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் வரும் கிராம சபையில், கேட்டவர் வாயாலேயே தீர்மானமாக வையுங்கள்.