பள்ளிக்கூடம் நின்ற நிலம்

கேள்வி: என் மகள் வேலை கிடைத்து இங்கிலாந்தில், தெற்கு லண்டனிலுள்ள குரொய்டனில் குடியேறியிருக்கிறாள். ஊர் நடுவே விட்கிஃப்ட் சென்டர் என்று பெரிய கடை வளாகமாம், உள்ளே நிறையக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றனவாம். நீங்கள் அந்தப் பக்கம் இருந்தவர். அதன் கதை என்ன? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: குரொய்டன் என்றதும் எனக்கு 1988 தை மாதக் குளிர்தான் ஞாபகம் வருகிறது, அம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் வெல்ஸ்லி ரோட்டிலுள்ள லூனார் ஹவுஸுக்குப் போகவேண்டியிருந்தது. குடிவரவு அலுவலகம் அந்த 20 மாடிக் கட்டடத்தில்தான். விறைத்த கைகளோடு வெளியே வந்து, வீதியைக் கடந்து நான் நுழைந்த முதல் இடம் விட்கிஃப்ட் சென்டர். ஒரே ஒரு தேநீர் வாங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. அந்த நன்றி இன்னும் இருக்கிறது.

அது ஒரு பள்ளிக்கூடத்தின் நிலம். முதலாம் எலிசபெத் காலத்துப் பேராயர் ஜான் விட்கிஃப்ட் ஏற்படுத்திய அறக்கட்டளைக்குச் சொந்தமானது. 1931இல் விட்கிஃப்ட் பள்ளி ஹேலிங் பார்க்குக்குப் போயிற்று. அதன் பிறகு அங்கே இருந்த டிரினிட்டி பள்ளியும் 1965இல் ஷேர்லி பார்க்குக்கு மாறிற்று. பிள்ளைகள் விளையாடிய இடத்தில் கடைகள் எழும்பின. 1968இல் முதல் கடைகள் திறந்தன, 1970 ஒக்டோபரில் கென்ட் கோமகள் முறைப்படி திறந்துவைத்தார்.

மகளிடம் சொல்லுங்கள், நிலத்தின் சரிவைக் கவனிக்கட்டும். நோர்த் என்ட் வீதிப் பக்கம் நுழைந்தால் கீழ்த்தளம், வெல்ஸ்லி ரோட் பக்கம் நுழைந்தால் மேல்தளம். ஏறாமலே மாடியில் நிற்பாள்! நான் பார்த்த காலத்தில் நடைவழிகள் திறந்தவெளியாக இருந்தன, கண்ணாடிக் கூரை 1990களில் வந்தது.

அந்த வளாகத்துக்குச் சோறு போட்டவை சுற்றியிருந்த அலுவலகங்கள். 1956இல் வந்த தனிச் சட்டம் ஒன்று ஊர் நடுவை இடித்துக் கட்ட நகராட்சிக்கு வழி திறந்தது. மத்திய லண்டன் வாடகை கட்டுப்படியாகாத நிறுவனங்கள், ரயிலில் சீக்கிரம் வந்துவிடலாம் என்று இங்கே கோபுரங்களுக்குக் குடிவந்தன. மதியம் 12 அடித்தால் குமாஸ்தாக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கிவருவார்கள். சாண்ட்விச், காலுறை, பிறந்தநாள் அட்டை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் விற்றுப்போகும்.

கடைகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்றால் எல்லோரும் இணைய வியாபாரத்தைக் கைகாட்டுவார்கள். எனக்கு அது பாதிக் காரணம்தான். 2012இல், பக்கத்திலேயே 1862 முதல் இருந்த ஆல்டர்ஸ் பெருங்கடை மூடப்பட்டது. மறு வருடம் கடை வளாகங்கள் நடத்தும் நிறுவனங்களான வெஸ்ட்ஃபீல்டும் ஹாமர்சனும் சேர்ந்து, 100 கோடி பவுண் செலவில் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டப்போவதாக அறிவித்தன. இடிக்கப்போகிற வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? குத்தகை முடிந்தவர்கள் போனார்கள், புதியவர்கள் வரத் தயங்கினார்கள். வருடங்கள் ஓடின, கட்டடம் எழும்பவில்லை. நடுவில் கொரோனா. 2020இல் நகரசபையே கையில் காசில்லை என்று அறிவித்தது. 2023இல் ஹாமர்சன் தன் பங்கை விற்று விலகிக்கொண்டது. பத்து வருடக் காத்திருப்பு அந்த இடத்தைத் தின்றது என்பதே என் எண்ணம். சொல்லும்போதே மனம் வலிக்கிறது.

கேள்வி: பேராயர் காலத்தது ஏதாவது மிச்சம் உண்டா? (அதே வாசகி)

பதில்: உண்டு. நோர்த் என்டும் ஜோர்ஜ் ஸ்ட்ரீட்டும் சந்திக்கிற மூலையில், 1596இல் தொடங்கி 1599இல் முடித்த செங்கல் வீடு. ஏழை முதியவர்களுக்காக அவர் கட்டியது, இன்றும் முதியவர்கள் அங்கே வாழ்கிறார்கள். வீதியை அகலமாக்க இதை இடிக்கப் பார்த்தார்கள், 1923இல் பாராளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை காப்பாற்றிவிட்டது. மகள் டிராமில் வந்தால் ஜோர்ஜ் ஸ்ட்ரீட்டில் இறங்கட்டும். சில அடி நடந்தால் அந்தச் சுவர்.