கரிஃபூனா யாருடைய மொழி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னமெரிக்கா, கரீபியப் பகுதிகளின் பூர்வகுடி மொழிக் குடும்பமான அரவாக் மொழிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், மத்திய அமெரிக்காவில் பேசப்படும் கரிஃபூனாவையும் சேர்த்திருந்தீர்கள். அந்த மக்களின் படங்களைத் தேடிப் பார்த்தேன். எல்லாம் ஆப்பிரிக்க முகங்கள். கொலம்பஸுக்குப் பிறகு அரவாக்குகள் அழிந்துவிட்டார்கள் என்றுதான் படித்திருக்கிறேன். இவர்கள் எப்படி அந்தக் கணக்கில் வருவார்கள்?

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

நான் சேர்த்தது மொழியை. அதன் உறவு இலக்கணத்தில் இருக்கிறது. மரபான கரிஃபூனா வழக்கில் பெண்கள் ‘நான்’ என்பதை ‘நுகுயா’ என்பார்கள், ‘நீ’ என்பதை ‘புகுயா’ என்பார்கள். தன்மைக்கு வரும் அதே ‘நு’ முன்னொட்டு அமேசான் காட்டுக்குள் பேசப்படும் பனிவா என்ற அரவாக் மொழியிலும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே கீலி என்ற இத்தாலியப் பாதிரியார், ஓரினோகோ ஆற்றங்கரையின் மைப்புரேயும் பொலிவியாவின் மோஹோவும் உறவு மொழிகள் என்று கண்டறிந்தது இத்தகைய முன்னொட்டுகளை வைத்துத்தான். கரிஃபூனா ஆண்களோ ‘நான்’ என்பதற்கு ‘ஔ’ என்பார்கள். அது வேறொரு பூர்வகுடி மொழியான கரீப்பிலிருந்து வந்தது.

கரீபியக் கடலின் செயின்ட் வின்சென்ட் தீவில் கரை சேர்ந்த ஆப்பிரிக்கர்களும், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அங்கிருந்த பூர்வகுடிகளோடு கலந்தார்கள். அந்தப் பூர்வகுடிகளின் அரவாக் மொழியையே தம் மொழியாக்கிக்கொண்டார்கள். மரவள்ளியைக் கல் பதித்த பலகையில் துருவி, ‘ருகுமா’ என்னும் நீண்ட பின்னல் குழாயில் அடைத்துத் தொங்கவிட்டு, கீழே பாரம் கொடுத்து இழுத்து, நஞ்சுள்ள சாற்றைப் பிழிந்தெடுக்கும் முறையும் அப்படி வந்ததுதான். அந்த மாவில் சுடும் ரொட்டிக்கு ‘எரெபா’ என்று பெயர்.

முகத்தை வைத்து இவர்களைப் பிரித்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1796இல் போரில் வென்றதும், கறுத்தவர்களாகத் தெரிந்தவர்களைத் தனியாகப் பொறுக்கி, ஏறத்தாழ 5,000 பேரைப் பலிசோ என்ற வறண்ட தீவில் அடைத்தார்கள். பாதிப்பேர் அங்கேயே மடிந்தார்கள். எஞ்சியவர்களை 1797இல் ஹோண்டுராஸின் ரோவத்தான் தீவில் இறக்கிவிட்டார்கள். அந்தக் கணக்கை நாம் தொடரக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. செயின்ட் வின்சென்டில் அந்த மொழி பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. ஹோண்டுராஸிலும் பெலீஸிலும் குவாத்தமாலாவிலும் அதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் நாடு கடத்தப்பட்டவர்களின் வாரிசுகள்தான்.

‘அழிந்துவிட்டார்கள்’ என்பதும் சரியில்லை. கரீபியத் தீவுகளின் தைனோ மொழி பேச்சிலிருந்து போனது உண்மை. ஆனால் கயானா, சுரினாம் பகுதிகளில் லொக்கோனோ மக்கள் இருக்கிறார்கள். அரவாக் என்ற பெயர் முதலில் அவர்களைத்தான் குறித்தது. அவர்கள் மொழியை இன்று பெரும்பாலும் முதியவர்களே பேசுகிறார்கள். கொலம்பியாவுக்கும் வெனிசுவேலாவுக்கும் இடையே குவாஹிரா தீபகற்பத்தில் வாயூ மொழியைப் பேசுவோர் பல லட்சம் பேர். அரவாக் குடும்பத்தில் இன்று அதிகம் பேர் பேசும் மொழி அதுதான்.