மெடிசைட்: இறப்பது யார்?

கேள்வி: ஒரு மொழிபெயர்ப்பு நூலில் ‘மெடிசைட்’ என்பதற்கு ‘மருத்துவக் கொலை’ என்று போட்டிருக்கிறார்கள். தவறான சிகிச்சையால் நேர்ந்த சாவு என்று எண்ணிப் பத்துப் பக்கம் படித்துவிட்டேன். பிறகுதான் விஷயமே வேறு என்று தெரிந்தது. வீட்டில் உள்ள அகராதியில் இந்தச் சொல் இல்லை. சரியான பொருள் என்ன?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பத்துப் பக்கத்தோடு தப்பித்தீர்கள். தவறு மொழிபெயர்ப்பாளருடையது மட்டுமல்ல, அந்தச் சொல்லே குறையோடு பிறந்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜாக் கெவோர்கியன் என்று ஒரு நோய்க்குறியியல் மருத்துவர் இருந்தார். 1991இல் வெளியான தம் நூலின் தலைப்பிலேயே இந்தச் சொல்லை வைத்தார். தீராத நோயாளி தானே கேட்டு, மருத்துவரின் துணையோடு, நாள் குறித்துச் சாவதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அவரை விட்டால் இதை எடுத்து ஆண்டவர்கள் குறைவு. அதனால்தான் உங்கள் அகராதியில் இல்லை.

குறை எங்கே என்றால், ‘சைட்’ என்ற வாலில். லத்தீனில் கொல்லுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. இந்த வாலுக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் சாகிற பேர்வழி. பெஸ்டிசைட் என்றால் சாவது பூச்சி, ஹோமிசைட் என்றால் மனிதன், சூயிசைட் என்றால் தானே. அந்தக் கணக்கில் மெடிசைட் என்றால் சாக வேண்டியவர் மருத்துவர்! 2025இல் காசாவில் மருத்துவமனைகளும் மருத்துவப் பணியாளர்களும் தாக்கப்படுவதைக் கண்டித்த ஐ.நா. நிபுணர்கள் இதே சொல்லை எடுத்தாண்டார்கள். அங்கே இலக்கணம் சரியாக உட்கார்ந்துவிட்டது. ஒரே சொல்லில் மருத்துவர் ஓரிடத்தில் சாவுக்குத் துணை நிற்கிறார், இன்னோரிடத்தில் தாமே சாகிறார்.

நமக்கு இது புதிதல்ல. ‘புலி கொல் யானை’ என்று உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் பள்ளியில் படித்திருப்பீர்கள். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இதற்குத் தொல்காப்பியம் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று பெயரே வைத்திருக்கிறது. பின்னால் வரும் சொல்லைப் பார் என்பது அது சொல்லும் வழி. யானை ஓடுகிறது என்றால் செத்தது புலி. யானையின் தந்தம் வந்தது என்றால் செத்தது யானை.

இதில் நானும் சூடுபட்டவன். திருச்சியில் ஒரு மாலை நாளிதழில் பிழை திருத்துநராக இருந்தபோது, ‘டாக்டர் கொலை வழக்கு: நாளை தீர்ப்பு’ என்ற தலைப்பை ஒற்றெழுத்து மட்டும் பார்த்து அனுப்பிவிட்டேன். டாக்டர் குற்றம் சாட்டப்பட்டவர். அவருடைய தூரத்து உறவினர் ஒருவர் அந்தத் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, ரோஜா மாலையும் கையுமாகப் புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து கதவைத் தட்டியிருக்கிறார். ஜாமீனில் இருந்த டாக்டரே கதவைத் திறந்தாராம். மறுநாள் ஆசிரியர் அறையில் நான் நின்ற நிலையை இங்கே எழுத வேண்டாம்.

சரி, கெவோர்கியனுக்கு வருவோம். 1990 ஜூன் 4. ஜேனட் ஆட்கின்ஸ், 54 வயது, ஒரிகானைச் சேர்ந்தவர், அல்சைமர் நோயின் தொடக்கத்தில் இருந்தவர். மிச்சிகனில் ஒரு பூங்காவில் நிறுத்தியிருந்த கெவோர்கியனின் பழைய ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் படுத்திருக்கிறார். மூன்று புட்டிகள் தொங்குகின்றன. முதலில் வெறும் உப்பு நீர் இறங்குகிறது. பொத்தானை அழுத்தினால் மயக்க மருந்து, அதன்பின் இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் குளோரைடு. ஊசியை ஏற்றியது மருத்துவர், பொத்தானை அழுத்தியது அந்த அம்மையார். கெவோர்கியன்மேல் போடப்பட்ட கொலை வழக்கு அந்த ஆண்டு டிசம்பரில் தள்ளுபடியானது.

1998இல் தாமஸ் யூக் என்ற, தசைகள் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயாளிக்கு அவரே மருந்தைச் செலுத்தினார். படம்பிடித்துத் தொலைக்காட்சிக்கும் கொடுத்தார். 1999இல் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறை சென்றார், 2007இல்தான் வெளியே வந்தார். பொத்தானில் இருந்த விரல் யாருடையது என்பதில் சட்டத்துக்கு அவ்வளவு அக்கறை. அவர் உருவாக்கிய சொல்லுக்கு அந்த அக்கறை இல்லை, இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொள்கிறது.

ஆகவே மொழிபெயர்ப்பில் என் யோசனை: கெவோர்கியனைப் பற்றிய இடத்தில் ‘மெடிசைட்’ என்றே எழுதி, முதல் முறை ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள். பொதுவாகப் பேசுமிடத்தில், நோயாளியே மருந்தை எடுத்துக்கொண்டால் ‘மருத்துவர் துணையுடனான மரணம்’. மருத்துவர் ஊசி போட்டால் ‘கருணைக்கொலை’. ‘மருத்துவக் கொலை’ வேண்டவே வேண்டாம். தமிழ்க் காதில் அது விழுகிற விதம் உங்களுக்கே தெரிந்துவிட்டதே.

கேள்வி: வென்டிலேட்டரை எடுப்பதையும் ‘கருணைக்கொலை’ என்றே செய்திகளில் எழுதுகிறார்களே?
– வாசகர், மதுரை

பதில்: எழுதுகிறார்கள். எனக்கும் எரிச்சல்தான். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம், அதற்கு முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம் என்றது. ஊசி போட்டு உயிரைப் போக்க அனுமதி கொடுக்கவில்லை. தீர்ப்பிலேயே ‘பேசிவ் யூதனேசியா’, அதாவது ‘செயலற்ற கருணைக்கொலை’ என்று இருப்பதால் நிருபர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லைக் கைவிடுவதே நல்லது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதே ஆண்டு வெளியிட்ட சொல் விளக்கத்தில் சொல்லிவிட்டது. ‘உயிர்காப்புச் சிகிச்சையை விலக்குதல்’ என்று எழுதினால் தலைப்பு இரண்டு வரிக்குப் போகும். போகட்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகன், மறுநாள் பத்திரிகையில் ‘கொலை’ என்ற சொல்லைப் படிக்க வேண்டியிருக்காது.

கேள்வி: அப்படியானால் நம் வடக்கிருத்தலும் மெடிசைட் வகைதானே?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பக்கத்தில் பிசிராந்தையாருக்குத்தான் இடம் ஒதுக்கச் சொன்னான், மருத்துவருக்கு அல்ல.