அப்பாவின் ரிப்போர்ட்டில் 25: என்ன அர்த்தம்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. நாக்கின் பக்கவாட்டில் புற்றுநோய். போன வாரம் ஆபரேஷன் செய்து, கழுத்து நெறிகளையும் எடுத்துவிட்டார்கள். பேத்தாலஜி ரிப்போர்ட்டில் 'பிடி-எல்1 சிபிஎஸ் 25' என்று இருக்கிறது. அப்படியென்றால் பிழைக்க 25 சதவீதம்தான் வாய்ப்பா? ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில்–லிம்போசைட் விகிதம் 6 என்று வந்திருப்பதும் நல்லதில்லை என்கிறார்கள். அம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. (பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள், அம்மா. 25 என்பது பிழைக்கும் வாய்ப்பு அல்ல. நான் பேத்தாலஜி மருத்துவர். இந்த எண்ணை எண்ணி எழுதுவது என் அன்றாட வேலை. அது எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கட்டியிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, பிடி-எல்1 என்ற புரதம் இருக்கும் இடம் மட்டும் பழுப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றுவோம். மற்றதெல்லாம் நீலம். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, விளிம்பு பழுப்பேறிய புற்றுச் செல்களை எண்ணுவோம். அவற்றோடு சேர்ந்து நிற்கும் லிம்போசைட், மேக்ரோஃபேஜ் ஆகிய எதிர்ப்பு செல்களில் பழுப்பானவற்றையும் கூட்டிக்கொள்வோம். அந்தக் கூட்டுத்தொகையை, உயிருள்ள புற்றுச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சிபிஎஸ். ஸ்லைடில் குறைந்தது 100 புற்றுச் செல்களாவது இல்லாவிட்டால் எண்ணவே மாட்டோம். ஒரே கட்டியில் ஒரு மூலை பழுப்பாக அடர்ந்திருக்கும், அடுத்த மூலை வெறும் நீலமாகக் கிடக்கும். வேறு துண்டை எடுத்திருந்தால் இந்த 25 கூடவோ குறையவோ செய்திருக்கலாம்.

பிடி-எல்1 என்பது எதிர்ப்பு செல்களுக்குப் போடும் பிரேக். புற்றுநோய் அதைத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பயன்படுத்துகிறது. ஆனால் பல நேரம், டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் கட்டிக்குள் புகுந்து சண்டை போடுவதால்தான் இந்தப் பழுப்பே கூடுகிறது. அதனால்தான் ஒருவர் 'அதிகம் இருந்தால் ஆபத்து' என்கிறார், இன்னொருவர் 'நல்லது' என்கிறார். ஆயுளைக் கணிக்க இந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது. மருந்தைத் தேர்ந்தெடுக்கத்தான் இது உதவும். நோய் திரும்பி வந்தவர்களிடமும் பரவியவர்களிடமும் நடந்த கீநோட்-048 ஆய்வு 2019-இல் வெளியானது. அதில் சிபிஎஸ் 20-க்குக் குறையாதவர்களுக்கு அந்த பிரேக்கை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை மட்டும் கொடுத்தபோது, இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 14.9 மாதம், பழைய கீமோ கூட்டு மருந்தில் 10.7 மாதம். இந்த மாதக் கணக்கை அப்பாவுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அவருக்குக் கட்டியை எடுத்தாகிவிட்டது. அவர்களுடைய நிலை வேறு.

ரத்த விகிதத்துக்கு வருகிறேன். நியூட்ரோஃபில், லிம்போசைட் என்ற இரண்டு வகை வெள்ளணுக்களின் விகிதம் அது. சராசரியாகப் பார்த்தால், இது கூடுதலாக இருப்பவர்களுக்குப் பலன் குறைவுதான். ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு கிடையாது. ஆபரேஷன் புண், வாயில் கிருமித்தொற்று, வீக்கம் வற்றக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் ஊசி, எதுவானாலும் நியூட்ரோஃபில் ஏறிவிடும். ஆபரேஷன் முடிந்த வாரத்தில் எடுத்த ஒரு ரத்தத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

சரி, எதைப் பார்ப்பது? அதே ரிப்போர்ட்டில் மூன்று வரிகளைத் தேடுங்கள். வெட்டிய விளிம்பில் புற்று இருக்கிறதா, கழுத்து நெறியின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா, நாக்குக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது. முதல் இரண்டில் ஒன்று 'ஆம்' என்றாலும், உடம்பு தாங்குமானால், ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்த்துக் கொடுப்பதே வழக்கம். ரேடியேஷன் தேவைப்பட்டால் ஆபரேஷன் நடந்த 6 வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். பல் பார்ப்பது, ஸ்கேனுக்குத் தேதி வாங்குவது என்று அந்த 6 வாரம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். 25-ஐப் பற்றி யோசிக்கும் நேரத்தில் ரேடியேஷன் மருத்துவரிடம் தேதி வாங்குங்கள். அம்மாவிடம், 'அது மருந்து தேர்ந்தெடுக்கப் பார்க்கிற எண்' என்று சொன்னால் போதும். அது முழு உண்மை.

கேள்வி: என் கணவருக்கு டான்சிலில் புற்றுநோய். 'பி16 பாசிட்டிவ்' என்று போட்டிருக்கிறது. பாசிட்டிவ் என்றால் பரவிவிட்டதா?

பதில்: பரவியதைச் சொல்லும் வார்த்தை இல்லை அது. பி16 என்பது சாயம் ஏற்றிப் பார்க்கும் இன்னொரு புரதம். டான்சில், அடிநாக்கு ஆகிய இடங்களில் அது பாசிட்டிவ் என்றால், பெரும்பாலும் எச்பிவி வைரஸால் வந்த புற்று என்று பொருள். இந்த வகை சிகிச்சைக்கு நன்றாக வசப்படும். எதிர்ப்பு செல்களும் கட்டிக்குள் நிறைய புகுந்திருக்கும். ஸ்லைடில் பார்க்கும்போதே தெரியும். 2010-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், எச்பிவி உள்ளவர்களில் 3 ஆண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள் சுமார் 82 சதவீதம், இல்லாதவர்களில் 57. நீண்ட காலம் புகைத்தவராக இருந்தால் இந்த அனுகூலம் குறையும். இப்போதும் புகைக்கிறார் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

'நல்ல வகைதானே, சிகிச்சையை லேசாக்கலாமே' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செடுக்சிமாப் என்ற வேறு மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகளில், சிஸ்பிளாட்டின் வாங்கியவர்களே அதிகம் பிழைத்தார்கள்.