'கிங் அண்ட் கன்ட்ரி' ஏன் இழுவையாகத் தெரிகிறது?

விசாரணைக் காட்சியில் அனல் பறக்கும் வாதமே இல்லை, படம் முழுக்க நாடகம் மாதிரி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இது மேடை நாடகத்திலிருந்து எடுத்த படம்தான், ஜோசப் லோசி 1964இல் எடுத்தது. ஆனால் வாதத்தால் ஜெயிக்கிற வழக்கே இல்லை இது. 1917, முதல் உலகப் போர், பெல்ஜியத்தின் பாசென்டேல் போர்க்களச் சேறு. கூட இருந்தவர்கள் எல்லாரும் செத்துப்போன பிறகு, பீரங்கிச் சத்தம் தாங்காமல் நடந்தே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறான் ஹாம்ப் என்ற பிரிட்டிஷ் சிப்பாய். படையை விட்டு ஓடியதாக ராணுவ நீதிமன்றத்தில் அவனை நிறுத்துகிறார்கள். டாக்டர் அதை நோயாகவே ஒப்புக்கொள்ளவில்லை. நீதிமன்றம் கருணை காட்டச் சொல்லியும், மறுநாள் படை முன்வரிசைக்குப் போகிறது, மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று மேலிடம் சுடச் சொல்லிவிடுகிறது.

இன்னொரு தடவை பார்த்தால் ஹாம்பாக நடித்த டாம் கோர்ட்னியின் முகத்தை மட்டும் கவனியுங்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத முகம், அதுதான் அவனுக்காக வாதாட வரும் அதிகாரியாக நடித்த டர்க் போகார்டின் மிடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. வெளியே சிப்பாய்கள் ஓர் எலியைப் பிடித்து விசாரணை நடத்துகிறார்களே, உள்ளே நடப்பதும் கிட்டத்தட்ட அதேதான்! இப்படிச் சுடப்பட்ட முன்னூறுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் படையினருக்கு 2006இல்தான் மன்னிப்பே கிடைத்தது.

சரி, குறுக்கு விசாரணைதான் வேண்டும் என்றால் டேவிட் நிவன் நடித்த 'காரிங்டன் வி.சி.' பாருங்கள், 1954. பாதிப் படம் ராணுவ நீதிமன்றத்திலேயே ஓடும்.